வழியில் கிடந்த ஏழு நாற்காலிகள்

ஜூன் 5, வியாழன்

வலது கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஓட ஆரம்பித்த எட்டு மாதத்தில் இது இரண்டாவது நகம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வந்துடும்னு டாக்டர் சொன்னார்னு ஓட ஆரம்பிச்ச. இப்ப நகம் ஒண்ணொண்ணா போயிட்டிருக்கு. சர்க்கரையே தேவலாம் போலிருக்கே" என்றார். கட்டிக்கொண்டவருக்கு என்மேல் எவ்வளவு அக்கறை!

லேபில் இன்று மேல்வரிசை செட் மூன்று, கீழ்வரிசை ஒன்று. போன வாரம் அனுப்பிய ஒரு செட் திரும்பி வந்தது, போட்டால் ஈறில் குத்துகிறதாம். மயிரிழை தேய்த்து அனுப்பினேன். பதினேழு வருஷமாகப் பல் செட் செய்கிறேன், ஒருத்தர் வாயையும் நேரில் பார்த்ததில்லை. டாக்டரிடமிருந்து அச்சு வரும், இங்கிருந்து செட் போகும், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, சனிக்கிழமை ஓட்டக் குழுவோடு உதவிக்குப் போகிற வீடுகளில் பெரியவர்கள் சிரித்தால் என் கண் முகத்துக்குப் போகாமல் பல்லுக்குப் போகிறது.

நாளை மறுநாள் புது வீடாம். தனியாக இருக்கும் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர்.

ஜூன் 7, சனி

இன்றைக்கு என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்திருக்கிறது. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் பத்து பேர். எங்கள் தலைவர் மருந்துக்கடைக்காரர். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவே மாட்டார், அதனால் அவர் பெயரே விசில். ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும், ஒரு பெரியவர் வீட்டில் அவரால் முடியாத வேலைகளை நாற்பதே நிமிடத்தில் முடிக்க வேண்டும், திரும்பி ஓட வேண்டும். இதுதான் எங்கள் குழுவின் வழக்கம். முதியோர் நல அலுவலகம் வீட்டையும் வேலைப் பட்டியலையும் கொடுக்கும். நாற்பதாவது நிமிடம் விசில் ஊதுவார். ஜன்னலில் பாதி துடைத்திருந்தாலும் சரி, துணியைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

கண்டக்டர் ஐயாவுக்கு எழுபத்தெட்டு வயது. மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறதாம். ஒரே மகள், இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். நாங்கள் போனபோது வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "உள்ளே போங்க, உள்ளே போங்க, யாரும் படிக்கட்டுல நிக்காதீங்க" என்று கையை ஆட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். கீழ்வரிசை சொந்தப் பல். நல்ல பல்.

ஒருத்தர் பெரியவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இன்று ஒட்டகத்தின் முறை. ஒட்டகம் ஆறடிக்கு மேல் உயரம், பத்து கிலோமீட்டர் ஓடினாலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன் வாசலில் அவரோடு உட்கார, மற்றவர்கள் உள்ளே புகுந்தோம். ஒட்டடை, மின்விசிறி, பரண், பாத்ரூம் தரை.

என் பங்கு முடிந்தபோது ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. சும்மா நிற்க முடியாத ஜென்மம் நான். சுற்றிப் பார்த்தால் கூடத்திலும், பாத்ரூமுக்குப் போகிற நடையிலும் கண்ட இடத்தில் நாற்காலிகள். ஒரே மனிதருக்கு ஏழு! நாலு பிளாஸ்டிக், இரண்டு பிரம்பு, ஒரு இரும்பு. ஒன்று குறுக்கே, ஒன்று நடையின் வாய்க்குள்ளேயே. நானே ஒன்றில் இடித்துக்கொண்டேன், அதுவும் இந்த நகத்தில்! வயசானவர் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும்? பிளாஸ்டிக் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்தேன். மற்ற மூன்றையும் ஜன்னல் பக்கச் சுவரோடு தள்ளினேன். வாசலிலிருந்து பாத்ரூம் வரை பளிச்சென்று வழி.

விசில் வழக்கம்போல முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்திருந்தார். வீடு வந்து சேர்வதற்குள் குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டு, "தடையில்லாத வீடு! நம்ம பல் டாக்டர் மேடத்தின் கைவண்ணம்!" என்று எழுதியிருந்தார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது. ஆனாலும் திருத்தவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

படத்துக்கு அறுபத்தொரு இதயம். இவர் படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கும் ஒருநாள் ஓடி வாயேன்" என்கிறார். கிண்டல்தான்.

ஜூன் 9, திங்கள்

விசில் லேபுக்கே போன் செய்தார். கண்டக்டர் விழுந்துவிட்டாராம். சனிக்கிழமையே, நாங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில். மத்தியானம் பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தபோது நடையில் கிடந்தாராம். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, இடுப்பில் நல்ல அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"வயசானா விழறதுதான் மேடம். ஆனா நாம போன அன்னைக்கா விழணும்?" என்றார் விசில்.

நல்லவேளை, நாற்காலிகளை ஒதுக்கி வைத்தோமே, இல்லாவிட்டால் மண்டையில் அடிபட்டிருக்கும் — இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. சத்தியமாக இதுதான்.

ஜூன் 11, புதன்

லேப் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன பார்த்தேன் என்று இன்னும் பிடிபடவில்லை. பார்த்தபடியே எழுதுகிறேன்.

நீளமான வார்டு. கண்டக்டர் நாலாவது கட்டில். மகள் பக்கத்தில் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். தூங்கி நாளாகியிருக்கும், கண் உள்ளே போயிருந்தது. நான் யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எல்லாம் வந்து வீட்டை எவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்க! நானே போய்ப் பார்த்தேங்க. தடுக்கறதுக்கு ஒரு துரும்புகூட இல்ல. சமதரை. அங்க விழுந்திருக்கார்னா உடம்புலதான் ஏதோ கோளாறு. இனிமே தனியா விட முடியாதுங்க."

அவர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறதாம். பெயர் கொடுத்துவிட்டார். இருபத்தொன்றாம் தேதி, சனிக்கிழமை, அங்கே சேர்க்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிடப் போகிறார்.

கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தலை சுத்துச்சு. மாத்திரை குடுத்தா சரியாப் போயிடும். அதுக்கு வீட்ட எதுக்குப் பூட்டணும்?" என்றார்.

"இதே பேச்சுத்தாம்ப்பா ரெண்டு நாளா" என்று சொல்லிவிட்டு மகள் மருந்து வாங்கப் போனார்.

அவர் போனதும் கண்டக்டர் மெதுவாகக் கட்டிலைவிட்டு இறங்கினார். பாத்ரூம் வார்டின் கோடியில். கட்டு போடாத கையால் தன் கட்டிலின் கம்பியைப் பிடித்தார். இரண்டு மூன்று சின்ன அடி. அடுத்த கட்டிலின் கம்பி. மறுபடி இரண்டு மூன்று அடி. அதற்கடுத்த கம்பி. கட்டில்கள் முடிந்த இடத்திலிருந்து பாத்ரூம் கதவு ஆறேழு அடிதான் இருக்கும். அங்கே நின்றுவிட்டார். நின்று, ஜன்னலை வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்டு ஊழியர் அந்தப் பக்கமாகப் போனார். "என்னப்பா, சாப்டியா?" என்று கண்டக்டர் அந்த ஊழியரின் தோளில் உரிமையோடு கை போட்டு, பேசிக்கொண்டே கதவு வரை போய்விட்டார்.

அந்த ஏழு நாற்காலிகள் நினைவுக்கு வந்தன.

அப்படியா இருக்கும்? சே, இருக்காது. அடிபட்ட இடுப்பு, அதனால் பிடித்து நடக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

வேலையே ஓடவில்லை. கீழ்வரிசையில் ஒரு பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார்.

விசில் போட்ட 'முன்' படத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நாற்காலிகள் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. இல்லை. தாறுமாறு இல்லை. எல்லாவற்றின் முதுகும் ஒரே பக்கம் இருக்கிறது.

நகர்த்தியது நான்தானா? விசிலோ வேறு யாரோ முன்னாலேயே ஒன்றிரண்டை நகர்த்தியிருக்கலாம் இல்லையா? எதற்கு இப்படி ஆள் தேடுகிறேன். அறுபத்தொரு இதயம் வந்தபோது தேடினேனா?

ஜூன் 14, சனி

நகம் வலிக்கிறது என்று விசிலிடம் சொல்லிவிட்டேன். குழு வேறு வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் கண்டக்டர் தெருவுக்கு நடந்தே போனேன். தையல்காரரிடம் சாவி இருந்தது. எதையோ வைத்துவிட்டேன் என்று பொய் சொல்லி வாங்கினேன்.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கு யாராவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கூடத்திலும் நடையிலும் தரை ஏழு இடத்தில் தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் நாலு சின்ன வட்டம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். அச்சில் செட் உட்கார்வதுபோலக் கால் நாலும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏழையும் வைத்தேன். ஏழும் உட்கார்ந்தன. முதுகுகளின் விளிம்பில் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கிறது.

வாசலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போனேன். ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்குச் சீட்டு கை மாற்றிப் போவாரே, அப்படித்தான். பீரோவுக்குப் பின்னால் ஒரு வாக்கர் இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

ஆக, அன்றைக்கு நாங்கள் விசில் ஊதிக்கொண்டு ஓடிப் போனோம். அவர் வாசல் நாற்காலியிலிருந்து எழுந்து, நிலையைப் பிடித்து உள்ளே வந்து, கையை நீட்டினார். ஒன்றும் இல்லை. அவசரமாகப் போக வேண்டியிருந்திருக்கும். சுவரோடு ஒட்டி ஒட்டி நடை வரை வந்திருப்பார். அப்புறம்? கடவுளே. நாந்தான். வேற யாரும் இல்ல, நாந்தான். வாழ்க்கை பூரா எல்லாத்தையும் ஒதுக்கி வை, ஒதுக்கி வைன்னு... எனக்கு ஒரு எட்டுல தாண்டற தூரம். அவருக்கு அது எவ்ளோ தூரம்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா?

நாற்காலிகளை அந்தந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "அந்த டீச்சருக்கு இது தெரியணும்ல?" என்றார். தெரிய வேண்டும்தான். தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

மருந்துக்கடையில் விசிலைப் பார்த்தேன். கூட்டம் குறையும்வரை நின்று, தணிந்த குரலில் சொன்னேன். அவர் கல்லாவைச் சாத்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"மேடம், அந்தப் படத்தைத்தான் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கேன், அடுத்த வருஷ அனுமதிக்கு. இத இப்ப வெளில சொன்னா நம்மள எந்த வீட்டுக்குள்ளயும் விட மாட்டாங்க. பன்னெண்டு வீடு இருக்கு. அந்தப் பாட்டிம்மாவுக்கு சிலிண்டர் மாத்திக் குடுக்கக்கூட நம்மள விட்டா ஆள் இல்ல. அவரே தலை சுத்துச்சுன்னு சொல்றார். நீங்க ஏன் போய்த் தலையக் குடுக்கறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் பிரச்சினை, யார் பேசினாலும் நியாயமாகவே இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வார்டுக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்.

"நாற்காலிய நகர்த்தினது நீதானா?"

"ஆமாங்கய்யா" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அழாத. பக்கத்துக் கட்டில்காரன் பாக்கறான், எவளோ என் ரெண்டாவது பொண்ணுன்னு கதை கட்டிடுவான்."

அழுதுகொண்டே சிரித்தேன். மகளிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். தலை சுத்தல்னா மாத்திரை இருக்கு. டாக்டர் ஒரு மாத்திரை எழுதுவான், நாலு நாள் முழுங்குவேன், சரியாப் போச்சும்பேன், வீட்டுக்குப் போயிடுவேன். நாற்காலி விஷயம் தெரிஞ்சா என்ன ஆகும்? ஒன்றரை வருஷமா அப்பனால பத்தடி நடக்க முடியல, நம்மள ஏமாத்திட்டிருந்தான்னு ஆயிடும். அதுக்கு எந்தக் கடைல மாத்திரை விக்குது?"

"ஆனா சனிக்கிழமை உங்கள இல்லத்துல சேக்கப் போறாங்களே ஐயா."

"அதெல்லாம் சும்மா மிரட்டறா. என் பொண்ணு எனக்குத் தெரியாதா? நீ சொல்லாதே. எனக்குக் கையடிச்சுக் குடு."

இடது கையை நீட்டினார். நான் கை கொடுத்தேனா இல்லையா? கையைப் பிடித்தேன். சரி என்று சொல்லவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டிருப்பார். அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் விட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

சொல்லாவிட்டால்: ஒன்றுமே இல்லாத தரையில் காரணமே இல்லாமல் விழுந்த மனிதர். இல்லம்.

சொன்னால்: விழுந்ததற்குக் காரணம் நாங்கள். சரி. ஆனால் நாற்காலி இல்லாமல் பாத்ரூம்கூடப் போக முடியாத மனிதர். அப்போதும் இல்லம்தானோ?

இரண்டு பக்கமும் அவருக்குக் கதவு சாத்துகிறது என்றால், நான் சொல்லத் துடிப்பது யாருக்காக? என் மனசு லேசாக வேண்டும் என்றா? அப்படி இருந்தால் அதுவும் அந்த அறுபத்தொரு இதயம் மாதிரிதான்.

தலை வெடிக்கிறது.

ஜூன் 19, வியாழன்

டீச்சர் போன் செய்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

"சனிக்கிழமை உங்க குழு வர முடியுமாங்க? அப்பாவோட துணிமணி, கட்டில் எல்லாம் வேன்ல ஏத்தணும். நான் இப்ப வீட்லதான் எடுத்து வெச்சுட்டிருக்கேன்."

மிரட்டல் இல்லை. நிஜமாகவே அனுப்புகிறார். வேனில் ஏற்றிக் கொடுக்க எங்களையே கூப்பிடுகிறார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வைக்கப் போனவர், "ஆமா, ஒரு விஷயம். ஒதுக்கி வெச்சிருந்த நாற்காலியெல்லாம் மறுபடி நடுவுல கிடக்கே, யாருங்க போட்டது? நடக்கவே முடியல" என்றார்.

"நான்தாங்க" என்றேன். "எடுத்துடாதீங்க. நாளைக்கு நேர்ல வரேன். தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

ஜூன் 20, வெள்ளி

மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் போனேன். பேருந்தில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஒரு வரிகூட வரவில்லை.

வீட்டில் அட்டைப் பெட்டிகள். டீச்சர் தூசி படிந்த கையோடு நின்றார். நான் தரையில் உட்கார்ந்து தேய்ந்த வட்டங்களைக் காட்டினேன். படத்தைக் காட்டினேன். நான்தான் ஒதுக்கினேன், உங்க அப்பா இதைப் பிடித்துத்தான் நடக்கிறார், சொல்ல வேண்டாம் என்று கையடித்துக் கேட்டார் என்று முன்னும் பின்னுமாக உளறினேன்.

"எவ்வளவு நாளா?"

"ஒன்றரை வருஷமாம்."

அவர் முதலில் என்மேல்தான் பாய்ந்தார். "நீங்க யாருங்க எங்க வீட்டு நாற்காலிய நகர்த்த? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க? அவர் வாசல்லதானே உக்காந்திருந்தார்? ஓடிட்டு வந்தீங்கன்னா என்ன வேணா பண்ணலாமா?" ஒவ்வொன்றும் சரியான கேள்வி. மன்னிச்சிடுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் வாசலுக்குப் போனார். முதல் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். இரண்டாவது. மூன்றாவது. அப்பாவின் அடி மாதிரி சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தார். நாலாவதைப் பிடித்தவர் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாசாமாசம் வரேன். நான் வந்தா இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். தண்ணி கொண்டா, ஜன்னலைச் சாத்து, அந்தப் பேப்பரை எடு. கிளம்பும்போது வாசல் வரைக்கும்கூட வர மாட்டார். அம்மா போனதும் திமிரு ஏறிடுச்சுன்னு நெனச்சேன். அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். திமிருப்பா உனக்குன்னு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். டீச்சர் எழுந்து வாக்கரின் உறையைப் பிரித்தார். பிரித்துவிட்டு மறுபடி சுவரில் சாய்த்து வைத்தார்.

"நாளைக்கு வேன் வருமா டீச்சர்?"

"தெரியலைங்க. இப்ப எதுவும் கேக்காதீங்க. போங்க."

வந்துவிட்டேன். நல்லது செய்தேனா? தெரியவில்லை. அவர் என்ன முடிவு எடுப்பார் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஜூன் 21, சனி

வேன் வரவில்லை. டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், தையல்காரர் சொன்னார்.

நான் சந்தோஷமாக வார்டுக்கு ஓடினேன். முட்டாள். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். நின்றேன். சுவரைப் பார்த்தே பேசினார்.

"நேத்து வந்து உக்காந்து ஓன்னு அழறா. என் பொண்ணு என்னைப் பாத்து இதுவரைக்கும் பாவப்பட்டதில்ல. சண்டை போடுவா. அதுதான் வேணும் எனக்கு. காட்டிக் குடுத்துட்டியேம்மா. போ."

ஜூன் 24, செவ்வாய்

விசிலிடம் சொல்லாமல் நானே அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். நகர்த்தியது நான், கேட்காமல் நகர்த்தினேன், குழுவில் வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று. அதிகாரி அம்மா இரண்டு தடவை படித்தார். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை குழு எந்த வீட்டுக்கும் போக வேண்டாம் என்றார்.

விசில் போனில் ஒரு பாட்டம் கத்தினார். ஒட்டகம் மட்டும், "நானும் அங்கதான் இருந்தேங்க. அரைமணி நேரம் அவரோட பேசினேன். உங்களால எழுந்திருக்க முடியுமான்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றான்.

ஜூன் 28, சனி

ஓட்டம் இல்லை. ஆறு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சிலிண்டர் பாட்டிம்மா வீட்டுக்கு இவர் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கேட்கவே இல்லை. "எந்த நாற்காலியையும் தொடல" என்றார், கதவைத் திறந்ததும். அடிக்கலாம் போலிருந்தது.

ஜூலை 4, வெள்ளி

டீச்சர் போன் செய்தார். அதிகாரி அம்மாவும், நடைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்களாம். கண்டக்டரையும் கூட்டி வந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது நாற்காலியில் நின்றுவிட்டாராம். எல்லோரும் பிடிக்கப் போக, "எவனும் தொடாதே, அடுத்த ஸ்டாப்புல நானே இறங்குவேன்" என்று கத்திவிட்டு, கை கட்டோடு, மிச்ச நாலையும் பிடித்து பாத்ரூம் கதவைத் தொட்டுவிட்டாராம்.

"இவர் மூளையில எந்தக் கோளாறும் இல்ல, வீட்டத்தான் சரி பண்ணணும்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு" என்றார் டீச்சர். நடையில் சுவரோடு கைப்பிடிக் கம்பி வைக்கப் போகிறார்கள். கூடத்து நாற்காலிகளின் காலுக்கு ரப்பர் மாட்டி, அப்படியே விடப் போகிறார்கள். காலையில் ஓர் ஆள் வந்து குளிக்க உதவும். ஆறு வாரம் பார்ப்பது, சரிப்பட்டால் அங்கேயே இருப்பது.

"நான் வாரம் ஒருதடவை வரப் போறேன். திமிருப்பா உனக்குன்னு நேத்தும் சொன்னேன். அவருக்கு என்ன சந்தோஷம்கிறீங்க!"

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

இன்று மறுபடி ஓட்டம். அனுமதி வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு: வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் இடம் மாற்றக் கூடாது. விசில் அதை எங்களை நிற்க வைத்து இரண்டு தடவை வாசித்தார். வாசிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, அதற்கு நன்றி. நாற்பது நிமிடக் கணக்கையும் விட்டுவிட்டார். வேலை எப்போது முடிகிறதோ அப்போதுதான் கிளம்ப வேண்டுமாம்.

முதல் வீடு கண்டக்டர் வீடு. அவரே கேட்டு வாங்கினாராம். தெருமுனையில் விசில் என்னை மட்டும் ஓரமாக நிறுத்தினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் வரலாம், பல் செட்டுக்காரி மட்டும் வேணாம்னு சொல்லியிருக்கார்."

"சரி" என்றேன்.

தையல்காரர் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். எதிரே கண்டக்டர் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. இங்கிருந்து கூடத்தில் பாதி தெரிகிறது. ஒன்பது பேர் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தெருவெல்லாம் கேட்டது.

"ஏய் ஒட்டகம், அதைத் தொட்டே கைய ஒடச்சிடுவேன்! நேரா போ. உள்ளே போ, உள்ளே போ. யாருப்பா அது, பரண்ல ஏறினது? எங்கிட்ட கேட்டியா?"

உள்ளே எல்லோரும் சிரிக்கிற சத்தம். தையல்காரர்கூட ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஒரு தடவை கண்டக்டரின் கை மட்டும் தெரிந்தது, கட்டு பிரித்த கை, ஒரு நாற்காலி முதுகைப் பிடித்தபடி. அப்புறம் அது அடுத்ததுக்கு நகர்ந்து மறைந்துவிட்டது.

ஐம்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வருத்தமா என்று கேட்டால் ஆமாம், ரொம்ப. அந்த வீட்டுக்குள் நான் போக முடியாது. ஆனால் அவர் தன் வீட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார்.